நுரையும் தூய நீரும்

கரும்பாலை நடைபெறும் காலத்தில் கொப்பரையின் அருகே நின்று பார்த்தவர்கள் ஒன்றை நன்கு அறிவார்கள். சாறு சூடேறத் தொடங்கியதும் அதன் மேல் கருமை கலந்த நுரை திரளும். ஆலைக்காரர் துளையிட்ட கரண்டியால் அந்த நுரையை வழித்து வழித்து அப்புறப்படுத்துவார். அழுக்கு நன்றாகப் பிரியும் பொருட்டுச் சிறிது சுண்ணாம்பு நீரோ, வெண்டைத் தண்டின் கொழகொழப்பான சாறோ சேர்ப்பதும் உண்டு. நுரையை எடுக்கத் தவறினால் வெல்லம் கறுத்துவிடும், விலையும் குறைந்துவிடும். பழநித் திருக்கோயில் பஞ்சாமிர்தத்திற்கு நாட்டுச் சர்க்கரை அனுப்பும் கவுந்தப்பாடி வட்டாரத்துக் குடியானவர்களுக்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பருப்பு வேகும்போது பானையின் விளிம்பில் எழும் நுரையை நம் வீட்டுப் பெண்கள் அகப்பையால் எடுத்து எறிவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். நுரை வெறும் காற்றன்று. அது தன்னோடு சில பொருள்களைச் சுமந்து வருகிறது. இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு, கடல் மீன்களையும் பவள உயிர்களையும் வளர்க்கும் தொட்டிகளில் ஒரு கருவி அமைக்கப்படுகிறது. கடைக்காரர்கள் அதனைப் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என்பார்கள். நாம் இக்கட்டுரையில் ‘நுரை வடிப்பான்’ என்று வழங்குவோம்.

கடலில்லாத கொங்கு நாட்டினருக்குக் கடல் மீன் தொட்டியைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கோவை போன்ற நகரங்களில் வண்ண மீன் வளர்ப்பு ஒரு தொழிலாக வளர்ந்து வருகிறது. கிராமத்து இளைஞர்களும் அதில் இறங்குகின்றனர் என்பது ஒரு காரணம். நீரிலிருந்து அழுக்கை நுரை எவ்வாறு எடுக்கிறது, எதனை எடுப்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால், நொய்யலாற்றில் மிதந்து வரும் நுரையைப் பார்க்கும் கண்ணும் மாறும் என்பது அதனினும் பெரிய காரணம்.

தொட்டி நீர் கெடுவது எவ்வாறு?

மீன் உண்ணாமல் விட்ட இரை, அதன் கழிவு, அதன் உடலிலிருந்து வழியும் கொழகொழப்பு, இறந்துபட்ட நுண்ணுயிர்கள் ஆகிய இவை யாவும் நீரில் கரைந்து மக்குகின்றன. இவற்றில் புரதம் மிகுதி. புரதத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. வேறு சில நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்குத் தீங்கானதே. நைட்ரேட்டு அவ்வளவு கொடியதன்று. எனினும் அது பெருகினால் பாசி படரும். வயலில் தழைச்சத்து இட்டால் பயிருடன் களையும் செழிப்பதைப் போன்றதே இது. பவளத் திட்டுகளைச் சூழ்ந்த இயற்கைக் கடல் நீரில் இத்தகைய சத்துகள் மிகமிகக் குறைவு. ஆகவே பவள உயிர்கள் சத்து மிகுந்த நீரில் வாடுகின்றன. பாசி அவற்றை மூடிவிடுகிறது.

அழுக்கு மக்கி அம்மோனியாவாக மாறிய பிறகு அதனை நீக்க முயல்வதைவிட, மக்குவதற்கு முன்னரே எடுத்துவிடுவது மேலானது. தொழுவத்தைக் காலையில் கூட்டுபவர் பிற்பகல் துர்நாற்றத்திற்கு மருந்து தேடுவதில்லை. நுரை வடிப்பான் செய்வது இந்தக் காலை வேலையைத்தான்.

கருவியின் அமைப்பும் வேலையும்

நுரை வடிப்பான் என்பது நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய். அதன் அடிப்பகுதியில் காற்று மிகச் சிறிய குமிழிகளாகச் செலுத்தப்படும். தொட்டியின் அழுக்கு நீர் ஒரு பம்பின் மூலம் அதனுள் வந்து, குமிழிகளுடன் கலந்து, மீண்டும் தொட்டிக்குத் திரும்பும். குழாயின் மேற்பகுதி கழுத்தைப் போல் குறுகியிருக்கும். கழுத்தின் மேலே ஒரு கிண்ணம் பொருத்தப்பட்டிருக்கும். நுரை கழுத்தின் வழியே ஏறிக் கிண்ணத்தில் வழிந்து விழும். கிண்ணத்தில் சேர்வது தேநீரின் நிறமும் கெட்ட வாடையும் கொண்ட நீர். தொட்டியிலிருந்து நீங்கிய அழுக்கு அதுவே.

புரதம் குமிழியில் ஒட்டுவது ஏன்? புரதம், கொழுப்பு போன்ற பொருள்களின் அணுத் திரள்களில் ஒரு பகுதி நீரை நாடும். மற்றொரு பகுதி நீரை வெறுக்கும். சவர்க்காரமும் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பதற்கும் இந்த இரட்டைக் குணமே காரணம். இத்தகைய பொருள், நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையைத் தேடிச் செல்லும். நீரை வெறுக்கும் பகுதியைக் காற்றின் பக்கம் நீட்டிக்கொண்டு, நீரை நாடும் பகுதியை நீரிலேயே வைத்துக்கொண்டு அங்கே தங்கிவிடும். குமிழி ஒவ்வொன்றின் மேல்தோலும் அத்தகைய எல்லைதான். ஆகவே குமிழி மேலேறும் வழியில் இப்பொருள்கள் அதனைப் பற்றிக்கொள்கின்றன. அவற்றுடன் நுண்ணிய துகள்களும் நுண்ணுயிர்களும் சேர்ந்து செல்கின்றன. வெல்லக் கொப்பரையில் வெப்பம் புரதத்தைத் திரட்டித் தருகிறது. இங்கே வெப்பமின்றி, காற்றே அந்த வேலையைச் செய்கிறது.

குமிழி சிறியதாயிருத்தல் வேண்டும்

1 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு குமிழியின் மேற்பரப்பு ஏறக்குறைய 3.14 சதுர சென்டிமீட்டர். அதே காற்றை 1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குமிழிகளாகப் பிரித்தால் 1,000 குமிழிகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 31.4 சதுர சென்டிமீட்டர். காற்றின் அளவு மாறவில்லை; அழுக்கு ஒட்டும் இடமோ 10 மடங்காகிவிட்டது. மேலும், பெரிய குமிழி விரைந்து மேலேறிவிடும்; சிறிய குமிழி மெல்ல ஏறும். மெல்ல ஏறினால் நீரோடு உறவாடும் நேரம் மிகுதி. நீரை மேலிருந்து கீழாகவும் குமிழியைக் கீழிருந்து மேலாகவும் எதிரெதிரே செலுத்தும் அமைப்பு இந்த நேரத்தை இன்னும் நீட்டிக்கிறது.

குமிழிகளை உண்டாக்கப் பல வழிகள் உண்டு. முற்காலத்தில் நுண்துளைகள் நிறைந்த மரக்கட்டையின் வழியே காற்றைச் செலுத்தினர். நீர் விரைந்து பாயும் குறுகிய குழாயில் காற்றைத் தானே உறிஞ்சச் செய்வது மற்றொரு முறை. பம்பின் சுழலும் சக்கரத்தில் ஊசி போன்ற முட்களை அமைத்து, உறிஞ்சிய காற்றை அவை பொடியாக்கும்படி செய்வது இப்போது பெருவழக்காக உள்ளது.

கடல் நீருக்கு இங்கே ஒரு தனிச் சிறப்பு உண்டு. நன்னீரில் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று மோதிக் கூடிப் பெருங்குமிழிகளாகிவிடும். உப்பு நீரிலோ அவை எளிதிற் கூடுவதில்லை, சிறியனவாகவே நிலைத்திருக்கும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பது இதற்கு உதவுகிறது. இதனாலேயே இக்கருவி கடல்நீர்த் தொட்டியில் திறம்பட வேலை செய்கிறது. கெண்டை, கட்லா, ஜிலேபி மீன்களை நன்னீர்த் தொட்டியில் வளர்ப்பவர்கள் இதனை வாங்கினால் எதிர்பார்த்த பயனைப் பெற மாட்டார்கள். அவர்கள் வண்டலை வெளியேற்றுதல், சல்லடை, நுண்ணுயிர் வடிகட்டி ஆகிய முறைகளையே நாடுதல் நலம்.

கழுத்தின் வேலையையும் கவனிக்க வேண்டும். நுரை மேலே ஏறும்போது அதன் இடையிலுள்ள நீர் கீழே வடிந்துவிடுகிறது. அழுக்கு குமிழித் தோலிலேயே தங்குகிறது. ஏற ஏற நுரை வறண்டு, அழுக்கு செறிந்து விடும். நீர் மட்டத்தை உயர்த்தி வைத்தால் நுரை ஈரமாகவும் மிகுதியாகவும் வழியும். தாழ்த்தி வைத்தால் குறைவாகவும் செறிவாகவும் வரும். இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையைப் பழக்கத்தால் கண்டறிதல் வேண்டும்.

நுரை எடுப்பதும் எடுக்காததும்

இக்கருவியைப் பொருத்திவிட்டால் தொட்டி தானே தூய்மையாயிருக்கும் என்று எண்ணுதல் தவறு. நுரையில் ஒட்டும் பொருளை மட்டுமே இது எடுக்கும். அம்மோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு, கரைந்த பாஸ்பேட்டு, உப்பு ஆகியவை நுரையில் ஒட்டுவன அல்ல. கரைந்துள்ள கரிமப் பொருள்களிலும் ஒரு பகுதியே நுரைக்கு வசப்படும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலார் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் சோதித்த கருவிகள் நீரிலிருந்த மொத்தக் கரிமப் பொருளில் 100க்கு 20 முதல் 30 பங்கு வரையே நீக்கின எனக் கண்டனர். எஞ்சியதை நுண்ணுயிர்களும், கரியும், நீர் மாற்றுதலுமே கவனிக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் முன்னதாக, மீனுக்கு மிகையாக இரையிடாமல் இருத்தல் வேண்டும். இட்ட அழுக்கை எடுப்பதைவிட இடாமலிருப்பது எளிது, செலவும் இல்லை.

இக்கருவியால் மற்றொரு நன்மையும் உண்டு. ஓயாமல் காற்றும் நீரும் கலப்பதால் நீரில் பிராணவாயு பெருகுகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. இரவு நேரத்தில் இந்த உதவி மீன்களுக்குப் பெரிது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் எளிய சோதனை

இதனைக் கிராமப் பள்ளியில் செலவின்றிச் செய்து காட்டலாம். மூன்று உயரமான கண்ணாடிப் பாத்திரங்களை எடுத்துக்கொள்க. முதலாவதில் ஒரு லிட்டர் நீரும் 35 கிராம் உப்பும் இடுக. இரண்டாவதில் அதே அளவு உப்பு நீருடன் ஒரு தேக்கரண்டி முட்டை வெண்கருவைக் கலக்குக. மூன்றாவதில் உப்பில்லாத நீருடன் அதே அளவு வெண்கருவைச் சேர்க்க. மீன் தொட்டிக்குரிய சிறு காற்றுப் பம்பின் குழாய் நுனியில் காற்றுக் கல்லைப் பொருத்தி, ஒவ்வொன்றிலும் காற்றைச் செலுத்துக.

முதற்பாத்திரத்தில் குமிழிகள் எழுந்து உடைந்துவிடும், நுரை நிலைக்காது. இரண்டாவதில் நுரை திரண்டு எழும். மூன்றாவதில் குமிழிகள் சற்றுப் பெரியனவாகக் காணப்படும். இரண்டாவது பாத்திரத்து நுரையைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருந்தால், சிறிது சிறிதாக நுரைப்பது குறையும். வெண்கரு வெளியேறிவிட்டது என்பது பொருள். நுரையை எடுக்காமல் காற்றை நிறுத்திவிட்டால் நுரை அடங்கி, வெண்கரு மீண்டும் நீரிலேயே கலந்துவிடும். இறுதியாக, பொங்கும் நுரையின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விடுக. நுரை சட்டென்று அடங்கும். வெல்லப் பாகு பொங்கி வழியும்போது சிறிது எண்ணெய் விடுவது இதே தந்திரம்தான். நுரை மறைந்தது, ஆனால் வெண்கரு எங்கும் போகவில்லை. இந்தக் கடைசிச் சோதனையைப் பிள்ளைகள் மறவாதிருக்கும்படி விளக்குதல் வேண்டும்.

பராமரிப்பு

கழுத்தின் உட்புறத்தில் எண்ணெய்ப் பசையான அழுக்கு படியும். அது நுரையை அடக்கிவிடும். ஆகவே வாரம் ஒரு முறையேனும் கழுத்தையும் கிண்ணத்தையும் சவர்க்காரமின்றிக் கழுவுதல் வேண்டும். எண்ணெய் படிந்த கையைத் தொட்டியில் விடலாகாது. புதிய கருவி சரியாக நுரைக்கச் சில நாட்கள் பிடிக்கும். அதற்குள் பழுது என்று முடிவு செய்ய வேண்டாம். மீன்களுக்கு மருந்து இடும் நாட்களில் கருவியை நிறுத்துவது வழக்கம். இல்லையேல் சில மருந்துகளையும் அது வெளியேற்றிவிடும். அந்நாட்களில் வேறு வழியாகக் காற்று கொடுத்தல் அவசியம்.

பவள உயிர்களைப் பற்றியும் ஒரு சொல். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையேயுள்ள மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 ஆம் ஆண்டில் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளத் திட்டை உருவாக்கும் கல் பவளங்கள் 2001 ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றுள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். கடல் மீன் வளர்க்க விரும்புவோர் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த மீன்களையே வாங்க வேண்டும். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் கடல் விரால் மீனை 2010 ஆம் ஆண்டில் தொட்டியில் இனப்பெருக்கம் செய்து காட்டியது. கோமாளி மீன் போன்ற வண்ண மீன்களையும் அவ்வாறே பெருக்கும் முறைகள் வகுக்கப்பட்டுள்ளன.

உப்பு நீரை எங்கே விடுவது?

கோவையில் கடல்நீர்த் தொட்டி வைப்பவர் தூய நீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கரைத்துக்கொள்கிறார். 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ உப்பு வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், 20 லிட்டரில் 700 கிராம் உப்பு வெளியேறும். ஓர் ஆண்டில் இது 36 கிலோவுக்கு மேலாகும். நுரை வடிப்பான் நன்கு வேலை செய்தால் நீர் மாற்றும் தேவை குறையும். வெளியேறும் உப்பும் குறையும். எனினும் அது அறவே நிற்பதில்லை.

இந்த நீரைத் தென்னை மரத்தடியிலோ, வயல் வாய்க்காலிலோ, கிணற்றின் அருகிலோ கொட்டலாகாது. உப்பு மக்குவதில்லை; ஆவியாவதும் இல்லை. விட்ட இடத்தில் தங்கும். அல்லது மழையோடு கிணற்றில் இறங்கும். ஒரு தொட்டியின் உப்பு சிறிது எனத் தோன்றலாம். வண்ண மீன் தொழிற்கூடம் ஒன்று நூறு தொட்டிகள் வைத்தால் அது சிறிதாகாது. இத்தகைய கூடத்திற்கு அனுமதி கோரி விண்ணப்பம் வரும்போது, கழிவு நீர் எங்கே செல்லும் என்பதைப் பஞ்சாயத்து முதற்கேள்வியாகக் கேட்க வேண்டும்.

நொய்யலில் மிதக்கும் நுரை

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கும் நொய்யலை நாம் அனைவரும் அறிவோம். மழை பெய்து புதுவெள்ளம் வரும் நாட்களில், கோவையையும் அதன் கீழ்ப்பகுதியையும் அடுத்த தடுப்பணைகளின் கீழே வெண்ணுரை திரண்டு மிதப்பதைப் பலரும் கண்டிருக்கின்றனர். 2019 ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மெரினாக் கடற்கரையிலும் இத்தகைய நுரை பல நாட்கள் ஒதுங்கியது. இலை தழை மக்கிய நீரும் சிறிது நுரைக்கும் என்பது உண்மையே. ஆயினும் ஊர்ச் சாக்கடையும் சவர்க்காரத் தூளும் ஆலைக் கழிவும் கலந்த நீரே இவ்வாறு மலைபோல் நுரைக்கும். தடுப்பணையில் நீர் விழும்போது காற்று கலக்கிறது. நுரை வடிப்பானில் பம்பு செய்யும் வேலையை அங்கே அணை செய்கிறது.

வேறுபாடு ஒன்றே ஒன்று, அதுவே முக்கியமானது. தொட்டியில் நுரை கிண்ணத்திற்குச் செல்கிறது, அழுக்கு வெளியேறிவிடுகிறது. ஆற்றிலோ கிண்ணம் இல்லை. சிறிது தூரம் மிதந்த பின் நுரை உடைந்து, சுமந்து வந்த அழுக்கை நீரிலேயே இறக்கிவிடுகிறது. நீரைப் பீச்சி நுரையைக் கலைப்பதும், நுரை தானே அடங்கும்வரை காத்திருப்பதும் எண்ணெய்ச் சொட்டு விட்டதற்கு ஒப்பாகும். கண்ணுக்கு நுரை மறையும். அழுக்கு அப்படியே இருக்கும்.

அன்றியும், நுரைக்காத கேடு இதனினும் பெரிது. பாசனத்திற்கென்று நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பெற்ற அணை 1992 ஆம் ஆண்டில் பயனுக்கு வந்தது. திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவு அதில் தேங்கியது. சாயமேற்றப் பயன்படுத்தும் உப்பு அந்நீரில் மிகுந்து, பாசனத்திற்கே தகுதியற்றதாயிற்று. சுற்றுப்புறக் கிணறுகளும் கெட்டன. ஆயக்கட்டு விவசாயிகள் உயர்நீதிமன்றத்தை நாடினர். கழிவு நீரைச் சிறிதும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்யாத சாயப் பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உப்பு நுரைப்பதில்லை, நிறமும் இல்லை. தெளிந்த நீர் என்று நம்பிப் பாய்ச்சிய பிறகே நிலம் அதனைக் காட்டிக்கொடுக்கிறது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

1. ஊர்ச் சாக்கடை, குளத்திற்கு வரும் வாய்க்காலில் சேராதபடி தடுத்தல் வேண்டும். குளிக்கும் நீரையும் துவைக்கும் நீரையும் வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழியில் விடச் செய்யலாம். அக்குழி குடிநீர்க் கிணற்றிற்கு அருகில் அமையலாகாது.

2. வாய்க்காலிலோ தடுப்பணையிலோ நுரை தோன்றினால், தோன்றிய நாள், இடம், அன்றைய மழை ஆகியவற்றைக் குறித்து வைத்து, நுரை எந்தக் கிளை வாய்க்காலிலிருந்து தொடங்குகிறது என்று மேல்நோக்கிச் சென்று பார்த்தல் வேண்டும். நுரை ஒரு சாட்சி. அது வந்த வழியைக் காட்டும். அக்குறிப்புடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுதினால் விசாரணைக்கு உதவியாயிருக்கும்.

3. நுரை இல்லாவிடினும், பாசனக் கிணற்று நீரின் உப்பளவை ஆண்டுக்கு இரு முறை, கோடையிலும் மழைக்குப் பின்னரும், ஆய்வகத்தில் சோதித்து, முடிவுகளைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வரிசையாக எழுதி வைத்தல் வேண்டும். ஓர் ஆண்டின் கணக்கு அதிகம் கூறாது. ஐந்தாண்டுக் கணக்கு உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத் தெளிவாக உரைக்கும்.

கண்ணாடித் தொட்டியில் நாலைந்து மீன்களைக் காப்பாற்றவே இத்தனை கவனம் வேண்டியிருக்கிறது. அங்கேயும் நுரை எடுப்பது ஒரு பங்கு. மற்றப் பங்கு, அழுக்கைச் சேரவிடாமல் காப்பவருடையது. ஆற்றையும் குளத்தையும் கிணற்றையும் காக்கும் பொறுப்பை ஏற்றுள்ள பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை மனத்திற் கொண்டு, நீரின் தோற்றத்தைக் கொண்டு மட்டும் தீர்ப்பளிக்காமல், சோதனையின் துணைகொண்டு செயலாற்றுவார்களாக.